எட்டில் வெட்டுப்பட்ட நல்லெண்ணெய்

தமிழ் எழுத்தா? அது யூனிகோட் வந்ததோடு முடிந்த கதை. மொபைல் ஆப் எழுதுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இந்த வாக்கியம் எங்காவது வந்து விழும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வரும்: ஸ்ட்ரிங்கை வெட்ட, ஒட்ட, எண்ண எதற்குத் தனியாக ஒரு லைப்ரரி? மொழியிலேயே எல்லாம் இருக்கிறது. இல்லாததைப் பத்து வரியில் நானே எழுதிக்கொள்வேன்.

இதைக் கேலி பேசும் தகுதி எனக்கில்லை. பல வருஷம் நானே இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இதில் நியாயமும் இருக்கிறது, அதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் வந்த ஒரு கோப்பைத் திறந்து படிப்பதே பெரும்பாடு. திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு, பத்திரிகைக்கொரு எழுத்துரு. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் திரை முழுக்கக் கொக்கியும் கோடும்தான். 1991-இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது கைபேசி வரை ஒழுங்காக வந்து சேர ஏறத்தாழ இருபது வருஷம் பிடித்தது. வந்தபின் அந்த வேதனை அடங்கியது உண்மை.

லைப்ரரி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. 2016 மார்ச்சில் ஒரு நிரலர் கோபித்துக்கொண்டு தன் தொகுப்புகளையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டின் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ‘லெஃப்ட்-பேட்’ என்று பதினோரு வரியில் ஒரு துண்டு. ஒரு ஸ்ட்ரிங்கின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நம்பியிருந்த பெரிய பெரிய திட்டங்கள் அன்றைக்கு உலகம் முழுக்க நின்றுபோயின. சின்ன வேலைக்கு அடுத்தவன் வீட்டுக் கத்தியை இரவல் வாங்காதே என்ற பாடம் அன்று பிறந்தது. போதாக்குறைக்கு இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது, கேட்டால் பத்து வரி நொடியில் எழுதித் தருகிறது.

இவ்வளவும் சரி. இதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

1. தீர்ந்தது என்கிறீர்களே, எது தீர்ந்தது?

எழுத்தைத் திரையில் காட்டும் சிக்கல் தீர்ந்தது. எழுத்தைக் கையாளும் சிக்கல் தொட்ட இடத்திலேயே நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆழ்வார்குறிச்சி. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை விரல்விட்டு எண்ணச் சொன்னால் ஆ, ழ், வா, ர், கு, றி, ச், சி என்று எண்ணி 8 என்று சொல்லும். ஆண்ட்ராய்டுக்கு எழுதும் கோட்லின் மொழியிடம் நீளம் கேட்டால் 15 என்கிறது. அதையே சர்வரில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துப் பைட்டை எண்ணினால் 45.

மூன்றும் சரியான விடைதான். அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்களையும் புள்ளி வைத்த மெய்யையும் யூனிகோட் ஒரே எழுத்தாக வைப்பதில்லை. ‘வா’ என்பது வகரம் ஒன்று, கால் ஒன்று. ‘ழ்’ என்பது ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இந்தத் துண்டுகளின் எண்ணிக்கைதான் 15. துண்டு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 45. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும்போது ஒரு செய்திக்கு 70 துண்டுதான் இடம். அங்கே 15-ஐத்தான் எண்ண வேண்டும். நீளத்தைப் பைட்டில் அளக்கும் தரவுத்தளத்தில் 45-ஐ எண்ண வேண்டும். அங்கே இருபது இடம் ஒதுக்கிவிட்டு எங்கள் ஊரை உள்ளே தள்ளினால் ‘ஆழ்வார’ வரைக்கும் போய், அதற்கப்புறம் ஒரு சதுரக் குப்பையோடு நிற்கும். மனிதர் வாசிக்கும் இடத்தில் எண்ண வேண்டியது 8. ஆங்கிலத்தில் மூன்று விடையும் ஒன்றாகவே இருந்துவிடுவதால் ‘எந்த நீளம்?’ என்று கேட்கும் பழக்கமே நம் நிரலர்களுக்கு வரவில்லை.

எனக்கும் வரவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்கு ஒரு பில் ஆப் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு இஞ்சுக் காகிதத்தில் அடிக்கும் சின்ன பிரிண்டர், பொருள் பெயருக்கு எட்டு இடம். உலகமே பயன்படுத்தும் ஒரு பொது லைப்ரரியில் ‘சுருக்கு’ என்றொரு வசதி இருந்தது, அதைக் கூப்பிட்டு எட்டில் வெட்டச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, ஒன் மிஷினு என்னத்த அடிச்சிருக்குன்னு பாரு.”

பார்த்தேன். உளுந்து சரியாக இருந்தது. துவரம்பருப்பு ‘துவரம்பர’ ஆகியிருந்தது. கருப்பட்டி ‘கருப்பட்’ என்று புள்ளியோடு விக்கி நின்றது. நல்லெண்ணெய் ‘நல்லெண்ண 1 லி’.

“மேலத்தெரு ஆச்சி கேக்கா, நல்லெண்ணம் லிட்டரு நானூறு ரூவாயான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

வேடிக்கை என்னவென்றால் நல்லெண்ணெய் ஆறே எழுத்து. கருப்பட்டியும் ஆறு. துவரம்பருப்பு சரியாக எட்டு. எதையுமே வெட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. லைப்ரரி 11, 10, 13 என்று துண்டுகளை எண்ணிவிட்டுக் கத்தியை வைத்தது. அதை எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் எண்ணெய் வாங்க எங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டது நான்.

2. ‘மொழியிலேயே இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எந்த மொழியில்?

ஐஃபோனுக்கு எழுதும் ஸ்விஃப்டில் ஆழ்வார்குறிச்சியின் நீளம் கேட்டால் 8 வரும். அது துண்டுகளை எண்ணாமல் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கொத்துகளை எண்ணுகிறது. கோட்லினில் 15. ஃபிளட்டர் ஆப்களுக்கு எழுதும் டார்ட் மொழியிலும் 15. கொத்தாக எண்ண வேண்டுமென்றால் ‘கேரக்டர்ஸ்’ என்ற திறந்த மூலத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லைப்ரரி வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஃபிளட்டர்காரர் இங்கேயே தோற்றுவிட்டார், அவர் மொழியை உருவாக்கியவர்களே வெளியே ஒரு லைப்ரரி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து என்று ஒரு படிவம். அண்ணன் கையில் ஐஃபோன், தம்பி கையில் ஆண்ட்ராய்டு, இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே ஊர்ப் பெயரை அடிக்கிறார்கள். அண்ணனுக்கு ‘நன்றி’, தம்பிக்கு ‘பெயர் மிக நீளம்’. இதைச் சோதிப்பவர் பெங்களூரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்திருப்பார். இரண்டிலும் நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

எழுத்துக் கொத்து எது என்பதற்கு யூனிகோடே ஒரு விதி ஆவணம் வைத்திருக்கிறது. அதில் மாதிரிக்குக் காட்டும் கொத்துகளில் தமிழ் ‘நி’யும் ஒன்று. அப்படியிருந்தும் தமிழ் எழுத்தும் அந்தக் கொத்தும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கிறோம், ஒரே இழுப்பில் எழுதுகிறோம். கொத்து விதி ‘க்’, ‘ஷ’ என்று பிரித்து இரண்டாக எண்ணும். எங்கள் ஊர்க் கல்லூரி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி. அதன் முதலெழுத்தைக் கேட்டால் கோட்லின் ‘ஸ’ என்று தரும், ஸ்விஃப்ட் ‘ஸ்’ என்று தரும். இரண்டும் அந்தப் பெயரின் முதலெழுத்து இல்லை.

முதலெழுத்து என்றதும் தமிழருக்கு இனிஷியல் நினைவுக்கு வர வேண்டும். படம் வைக்காதவருக்கு ஆப் ஒரு வண்ண வட்டம் போட்டு உள்ளே முதலெழுத்தை வைக்கிறதே, அங்கே முருகனும் மீனாட்சியும் மைதிலியும் மொத்தமாக ‘ம’ ஆகிவிடுகிறார்கள். திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். அவர் இந்த ஆப்பில் கணக்குத் தொடங்கினால் ச. விருத்தாசலம். தகப்பன் பெயரைத் திருத்தும் உரிமையை ஒரு ஸ்ட்ரிங் வசதிக்கு யார் கொடுத்தது?

இந்த இடத்தில் வேறொரு கட்சி எழுந்து நிற்கும். யூனிகோடே கோளாறு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16க்கு மாறியிருந்தால் இந்த வம்பே இல்லை என்பார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக ஏற்றது. எண்ணிக்கைக் கணக்கில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டேஸ்-16 குடியிருப்பது யூனிகோடின் தனியார் புறம்போக்கில். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரியும். பழையபடி எழுத்துரு தேடி அலைய நான் தயாரில்லை.

3. பத்து வரியில் எழுதிவிடுவேன் என்கிறவரிடம் அந்தப் பத்து வரியைக் கேட்டு வாங்குங்கள்.

வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சி, கழுகுமலை, கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி. அகராதி இந்த வரிசையில்தான் தரும்: ல, ழ, ள, கடைசியில் ன. அவருடைய பத்து வரி கன்னியாகுமரியை முதலில் நிறுத்தும், கள்ளக்குறிச்சியைக் கழுகுமலைக்கு முன்னால் தள்ளும். அது அவர் தப்பு மட்டுமில்லை. யூனிகோடின் தமிழ்க் கட்டம், இந்திய எழுத்துகளுக்கான 1988-இன் இஸ்கி முறையை ஒட்டி வந்தது. தேவநாகரியில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ அதற்கு நேரே தமிழ் எழுத்தையும் உட்கார வைத்தார்கள். அதனால் னகரம் நகரத்தின் மடியிலும் றகரம் ரகரத்தின் பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. புள்ளிக்கு எண் எல்லாத் துணைக்குறிக்கும் பின்னால். ஆகவே அமைந்தகரை அம்பாசமுத்திரத்துக்கு முந்திக்கொள்ளும். எண் வரிசையை அகரவரிசை என்று நம்பி எழுதிய ஒவ்வொரு ஊர்ப் பட்டியலும் இப்படித்தான் இருக்கிறது. தேடி அலுத்துப்போய் ஜனம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

இத்தனைக்கும் சரியான தமிழ் வரிசை விதி எழுதப்பட்டுத் தயாராக இருக்கிறது. ஐசியு என்ற திறந்த மூல லைப்ரரிக்குள் இருக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-லிருந்து அது கைபேசியிலேயே நேரடியாகக் கிடைக்கிறது, ஆப்பின் எடை ஒரு கிராம்கூடக் கூடாது. வரிசைப்படுத்தும்போது ‘தமிழ்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதில்லை.

அடுத்து, பெயரைச் சரிபார்க்கும் வரி. ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்று ஒரு நிபந்தனை போடுவார்கள். யூனிகோடில் ககரம் ‘எழுத்து’ வகை. புள்ளியும் கொம்பும் காலும் ‘குறி’ வகை. இந்த நிபந்தனையைத் தாண்டக்கூடிய பெயர் தமிழில் ‘கமல’ மாதிரி ஏதாவது ஒன்றுதான். கமலா வந்தால் வெளியே போ. இன்னொரு பிரபலமான துண்டு, பிரெஞ்சுச் சொற்களின் தலைமேல் இருக்கும் கொசுறுகளைத் துடைப்பதற்காக எழுதியது. குறி வகை எதைக் கண்டாலும் அழித்துவிடும். இணைய முகவரி உண்டாக்க அதை ஒருவர் நகல் எடுத்துப் போட, எங்கள் ஊர் ‘ஆழவரகறசச’ ஆனதை நானே பார்த்தேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசினால் வரும் ஓசை.

தேடலுக்கு வாருங்கள். பொட்டல்புதூரின் ‘பொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: பகரத்தோடு ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் இரண்டு குறியாக. பழைய கோப்புகளிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த தரவில் இரண்டாவது வகை வரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. இதற்கு மருந்து எளிது. யூனிகோடின் இயல்பாக்கல் விதியை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் ஸ்ரீ அப்படி அடங்காது. 2005-இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு, ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும் ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் திரையில் ஒரே உருவமாக நிற்கின்றன. இயல்பாக்கல் இரண்டையும் சேர்த்து வைக்காது, விதிப்படி அவை வேறு வேறு எழுத்து. ஒரு விண்ணப்பத்தில் அந்த ஸ்ரீ, இன்னொன்றில் இந்த ஶ்ரீ என்று ஒரே கல்லூரி இரண்டு கல்லூரியாகப் பிரிந்துவிடும். தமிழ் தெரிந்த ஒருவர் ‘இரண்டும் ஒன்றுதானப்பா’ என்று எங்காவது ஓரிடத்தில் எழுதி வைத்தால் தவிர இது தீராது. அந்த ஓரிடத்துக்குப் பெயர்தான் லைப்ரரி.

4. லெஃப்ட்-பேட் கற்பித்த பாடம் நீங்கள் நினைக்கிற பாடமா?

அன்று உடைந்தது பகிர்தல் இல்லை, கிடங்கு. எழுதியவர் தன் தொகுப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு மருந்து, பதிப்பு எண்ணைப் பூட்டி வைப்பது, உரிமம் அனுமதித்தால் மூலத்தையே நம் திட்டத்துக்குள் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது. திறந்த மூலம் என்பதால்தான் அப்படி எடுத்து வைக்கவே முடிகிறது.

வரி எண்ணிக்கையை வைத்து லைப்ரரியின் தகுதியை அளப்பது அடுத்த பிசகு. இடைவெளி நிரப்ப எந்த அறிவும் வேண்டாம். எத்தனை இடம் என்று தெரிந்தால் போதும். அதை இரவல் வாங்கியது சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்ச் சொல்லை எழுத்தாகப் பிரிக்கும் வேலை இருபது வரியில் முடிந்தாலும் அதற்குள் எங்கே ஆய்தம் தனித்து நிற்கும், எங்கே க்ஷ சேரும் என்கிற அறிவு இருக்கிறது. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வரிகளுக்குள் எவ்வளவு பேருடைய திருத்தம் போயிருக்கிறது? எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானில் வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ இதற்கு நல்ல சாட்சி. ஒரு சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருவதிலிருந்து பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றுவது வரை அதில் இருக்கிறது. என் கடை ஆப் கோட்லின், அது பைத்தான். அதனாலென்ன, மூலம் திறந்திருந்தது. வாசித்தேன், தர்க்கத்தை எடுத்து கோட்லினில் எழுதிக்கொண்டேன். ஒரு ராத்திரி வேலை.

ஏஐ எழுதித் தருமே என்றால், தரும். நானும் கேட்டுப் பார்த்தேன். பெயரைத் திருப்பிப் போடும் நிரல் ஒன்று வந்தது, பார்க்க அழகாக, குறிப்புகளோடு. ஓடவிட்டால் சொல்லின் தலையில் அநாதையாக ஒரு புள்ளிவட்டமும் கொம்பும். சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தித் தந்தது. பிழை எனக்குக் கண்ணில் பட்டதால் திருந்தியது. தமிழ் வாசிக்கத் தெரியாத நிரலர் அதே பத்து வரியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் வேறொரு பத்து வரி வாங்கியிருப்பார், அதில் வேறொரு பிழை இருக்கும். ஒரே இடத்தில் இருக்கும் பிழையை ஒருமுறை திருத்தினால் எல்லாருக்கும் திருந்தும். ஆயிரம் ஆப்பில் ஆயிரம் விதமாகக் கிடக்கும் பிழையை எந்த ஏஐ தேடிப் போய்த் திருத்தும்?

5. பெயரை வாக்கியத்துக்குள் செருகினால் வேலை முடிந்ததா?

வெட்டுவது எண்ணுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் ‘இங்கிருந்து’ என்பதற்கு ஒரு சொல்லை முன்னால் வைத்து ஊர்ப் பெயரை அப்படியே பின்னால் ஒட்டலாம், எந்த ஊருக்கும் பொருந்தும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலைப் பிடித்து முறுக்கும். இது தெரியாத மொழிபெயர்ப்புக் கோப்புகள்தான் ‘கடையம்இல் இருந்து’, ‘முருகன்-க்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதுகின்றன. அந்தச் சிறுகோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் பாதையை மட்டும் பாருங்கள். சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, தென்காசி, செங்கோட்டை இவையெல்லாம் இகரத்திலோ ஐகாரத்திலோ முடிகின்றன, ஒரு யகரம் வந்து ஒட்டும்: ஆழ்வார்குறிச்சியிலிருந்து. வீரவநல்லூர், கீழாம்பூர், மேட்டூர்: ரகரப் புள்ளி எழுந்து இகரம் ஏறும், கீழாம்பூரிலிருந்து. அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம்: மகரம் விழுந்து ‘த்து’ வரும், பாவூர்சத்திரத்திலிருந்து. மூன்றே விதி, பாதை முடிந்தது. ஆஹா, பத்து வரிதானே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

பாதையை விட்டு இறங்கினேன். மணிமுத்தாறு, மணிமுத்தாற்றிலிருந்து ஆகிறது. ஈரோடு ஈரோட்டிலிருந்து. அப்படியென்றால் உகரத்தில் முடியும் ஊருக்கெல்லாம் இரட்டிக்கலாமா? பெங்களூரு, பெங்களூருவிலிருந்து என்றல்லவா நிற்கிறது. மகரத்தில் முடிந்தால் ‘த்து’ என்றேன். ஆம்ஸ்டர்டாமை அந்த விதியில் போட்டால் என்ன வரும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். சரி, மகரப் புள்ளிக்கு முன்னால் துணைக்குறி இல்லாத எழுத்து இருந்தால் மட்டும் ‘த்து’ என்று திருத்தினேன். ஆம்ஸ்டர்டாம் தப்பித்தது. ஊர் முடிந்து ஆள் பெயருக்கு வந்தேன். சண்முகத்துக்கு என்பது சரி. விக்ரம் வந்தார். விதி அவரை ‘விக்ரத்துக்கு’ என்று அழைத்தது. விக்ரமுக்கு என்பது எந்த விதியால் தெரியும்? காதால் தெரியும். அந்தக் காதைப் பட்டியலாக்கி, விதியாக்கி, விலக்காக்கி ஒரு பொது இடத்தில் வைக்க வேண்டும். கொங்கு நாட்டுக்காரர் தன் பக்கத்து ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து சேர்க்கட்டும், யாழ்ப்பாணத்துக்காரர் தன் ஊரைச் சேர்க்கட்டும், கோலாலம்பூர்க்காரர் வந்து எங்கள் பட்டியல் பிழை என்று சண்டை போடட்டும். ஒரு கம்பெனியின் மூடிய அறைக்குள் இது நடக்கவே நடக்காது. ஒரு கம்பெனிக்கு விக்ரம் ஒருவர்.

அதுவரை என்ன செய்வது? உருபைத் தவிர்த்துவிடலாம். ‘புறப்படும் இடம்: கடையம்’, ‘பெறுபவர்: விக்ரம்’ என்று எழுதினால் யாருக்கும் பல் கூசாது. கெட்டிக்காரத்தனமான ஒதுங்கல், நானும் பல இடத்தில் அப்படித்தான் ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் முழுவதும் இப்படியே எழுதிய ஆப் பேசாது, படிவம் நீட்டும்.

6. யாரும் புகார் சொல்லவில்லையே!

சொல்ல மாட்டார்கள். தமிழ்ப் பெயரை ஏற்காத ஆப்பில் ஆங்கிலத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘நம்ம போன் சரியில்ல போல’ என்று கைபேசியைத் திட்டுவார்கள். தன் ஊர்ப் பெயர் ‘ஆழவரகறசச’ என்று வந்தால் அதைத் தன் எழுத்துப்பிழை என்று நினைத்து வெட்கப்படும் ஜனம் இது. அப்புறம் ஒருநாள் கம்பெனியில் கணக்கெடுப்பார்கள்: தமிழ் இடைமுகத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, எடுத்துவிடலாம் என்று.

கடைக்கு வருகிறேன். எழுத்தாகப் பிரிக்கும் நிரலை எழுதி முடித்த மறுநாள் காலையிலேயே போய் ஆப்பைப் புதுப்பித்தேன். இப்போது எட்டு என்றால் எட்டு எழுத்து. எட்டுக்குக் குறைந்த பெயர்களுக்கு மீதியை இடைவெளியால் நிரப்பினேன், விலை ஒரே நேர்கோட்டில் விழட்டுமென்று. அண்ணாச்சி ஒரு பில் அடித்தார். துவரம்பருப்பு முழுசாக வந்தது. கருப்பட்டி வந்தது. நல்லெண்ணெய், ஆறு எழுத்தும் இரண்டு இடைவெளியுமாக, அட்டகாசமாக வந்தது.

அவர் காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“எண்ணெ முழுசா வந்துட்டு. வெலையக் காணுமே?”

வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்து மாதிரி எல்லாம் ஒரே அகலமா என்ன? ஒரு ‘ண்’ணும் ஒரு ‘ணெ’யும் சேர்ந்து ஐந்து ரகரம் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விலை வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, நானூற்றில் நான்கு மட்டும் காகிதத்தில் இருந்தது, இரண்டு சைபரும் விளிம்புக்கு வெளியே. இடைவெளி நிரப்ப எந்த அறிவும் வேண்டாம் என்று நான்காவதில் எழுதினேன் இல்லையா, அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

“நாலு ரூவாய்க்கு எண்ணெ குடுக்கேன்னு தெரிஞ்சா ஆச்சி குடத்தோட வந்துருவா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிப் போடு, தம்பி.”